ஆபீஸக்கா பாடம் எடுத்த வாரம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஆபீஸக்கா என்றுதான் பெயர். டீச்சர்களான எங்களுக்கும் ஆபீஸக்கா, பிள்ளைகளுக்கும் ஆபீஸக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த பெரிய டீச்சர்கூட, அதாவது எங்கள் தலைமையாசிரியை, "அந்த ஃபைலை ஆபீஸக்காகிட்ட கேளு" என்றுதான் சொல்வார். வருகைப் பதிவேடு, சேர்க்கைப் படிவம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மணி அடிப்பது, யாராவது விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டால் பஞ்சும் மருந்தும், எல்லாம் அவர் பொறுப்பு. பதினோரு வருஷமாக அந்த மேஜைக்குப் பின்னால்தான் இருந்தார்.

நான் அங்கே ஒன்றாம் வகுப்பு டீச்சர். நான் சொல்லப்போகிற வாரத்தில் நான் ஊரிலேயே இல்லை. அக்கா எனக்காக எழுதி வைத்த குறிப்பு, அப்புறம் அவர் வாயாலேயே சொன்னது, பிள்ளைகள் ஒன்றைப் பத்தாக்கிச் சொன்னது, இவ்வளவையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அக்காவின் மேஜைக்கும் என் வகுப்புக்கும் நடுவில் இருந்தது பலகைச் சுவர். ஒரே ஹாலாக இருந்ததை இரண்டாகத் தடுத்தபோது அடித்தது. சாயம் பூசியிருந்ததால் பார்வைக்குச் சுவர் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நான் இந்தப் பக்கம் "அணில்" என்றால் அந்தப் பக்கம் அக்காவுக்குக் கேட்கும். எனக்கு முன்னால் நாலு டீச்சர்கள் அந்த வகுப்பில் இருந்து போய்விட்டார்கள். நான் ஐந்தாவது. எங்கள் அத்தனை பேரின் பாடத்தையும் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஒன்றாம் வகுப்பைப் பதினோரு தடவை படித்தவர் என்று நாங்கள் அவரைக் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது எனக்கு வெகுநாள் தெரியாது. அக்கா ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம் பாதியில் விட்டவர். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தம்பி தங்கைகள் மூன்று பேர். "ஒரு வருஷம் வேலைக்குப் போறேன், அப்புறம் வந்து முடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அந்த ஒரு வருஷம் நீண்டுகொண்டே போனது. கல்யாணம் ஆனது, பையன் பிறந்தான். திரும்பப் போய் விண்ணப்பம் கேட்டபோது வயது வரம்பைத் தாண்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்கப்புறம்தான் எங்கள் பள்ளிக்கூடத்து ஆபீஸுக்கு வந்தார். வேறு இரண்டு இடத்தில் வேலை கிடைத்தும், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இங்கே வந்தாராம். மேஜையைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டதும் அவர்தான்.

அந்த வருஷம் என் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன். மாற்று ஆள் யாரும் இல்லை. பெரிய டீச்சர் இரண்டு நாள் யோசித்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸக்காவின் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"அஞ்சு நாள் பிள்ளைங்களைப் பார்த்துக்கிறீங்களா? சத்தம் போடாம இருந்தா போதும்."

"பாடம் எடுக்கலாமா?" என்று அக்கா கேட்டார்.

"எடுங்களேன். யாரு வேணாம்னாங்க?"

நான் பாடக்குறிப்பு நோட்டைக் கொடுத்தபோது அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என் மனமெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அக்கா வகுப்பு வாசலில் போய் நின்றதும் பாதிப் பிள்ளைகள் பையை மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். காரணம் இருக்கிறது. ஆபீஸக்கா வகுப்புக்கு வந்தால் யாரையாவது கூட்டிப்போக வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். அத்தனை பேருக்கும் தன்னைத்தான் கூப்பிட வந்திருக்கிறார் என்று ஆசை. ஒரு பையன் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கமே வந்துவிட்டான்.

"யாரும் போக வேண்டாம். இன்னிக்கு நான்தான் டீச்சர்" என்றார் அக்கா.

முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வதால் அவளுக்கு வக்கீல் என்று நான் பெயர் வைத்திருந்தேன்.

"நீங்க டீச்சர் இல்லையே. நீங்க ஆபீஸ்தானே?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஐந்தரை வயசுக்குத் தெரியாமல் சொன்னதுதான். ஆனால் பதினோரு வருஷமாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வார்த்தையும் அதுதான்.

அன்றைக்கு ல, ள, ழ பாடம். வால், வாள், வாழை. நான் அதைச் சொல்லிக்கொடுக்கும் விதம் அவருக்கு மனப்பாடம். எந்த இடத்தில் நிறுத்துவேன், எந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பதுகூடத் தெரியும். ஆனால் சத்தம் மட்டும்தான் சுவர் வழியே வந்திருந்தது. நான் நாக்கை மடித்துக் காட்டுவதும், படம் வரைந்து காட்டுவதும், நடந்துகொண்டே சொல்வதும் அவருக்குத் தெரியாது. அப்படியே என்னை மாதிரி சொல்லிப் பார்த்திருக்கிறார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் பேந்தப் பேந்த விழித்தன. பத்து நிமிஷத்தில் ஒருவன் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். இன்னொருவன் மூன்றாவது தடவையாக ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றான். அவனுக்கு அவசரம் என்றே பெயர். அக்கா போகச் சொன்னதும் கூடவே பன்னிரண்டு பேருக்கு வந்துவிட்டது.

மத்தியானம் பெரிய டீச்சர் எட்டிப் பார்த்தபோது வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் அக்காவுக்கு வலித்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் கணவரின் கடையில் போய் உட்கார்ந்தார். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, "எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

"பாடத்தைக் கேட்டது வேற. எடுக்கிறது வேறங்க" என்றார் அக்கா. "வேண்டாம்னு சொல்லிடலாம்னு பார்க்கிறேன்."

"பதினோரு வருஷம் கேட்டுட்டு ஒரு நாள்ல விடுறியா? நான் முதல் காயில் கட்டினப்ப மோட்டார் பின்பக்கமா சுத்துச்சு. முதலாளி திட்டல. சிரிச்சுட்டாரு."

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவர் என் நோட்டை மேஜைமேல் மூடி வைத்துவிட்டுத் தன் பாணியில் ஆரம்பித்தார். கழித்தல் பாடம். ஒரு பை நிறைய பாட்டில் மூடி கொண்டுபோயிருந்தார். தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, ஏழு மூடியை வரிசையாக வைத்து, மூன்றை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"ஏழுல மூணு போச்சு. மீதி எத்தனை?"

"ஏழு" என்றாள் வக்கீல்.

"எப்படி ஏழு?"

"மூணும் எங்கேயும் போகல. உங்க கையிலதானே இருக்கு?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்து போய் மூன்று மூடியையும் சுவருக்கு அந்தப் பக்கம் தன் மேஜைமேல் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார்.

"இப்போ?"

"இப்போ நாலு" என்று வக்கீல் ஒப்புக்கொண்டாள். அதற்கப்புறம் எல்லாருக்கும் மூடியை ஆபீஸில் கொண்டுபோய் வைத்துவிட்டு வர வேண்டும். அன்றைக்குப் பூரா வகுப்புக்கும் ஆபீஸுக்குமாகக் கழித்தல் நடந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு தகப்பனார் மேஜை முழுக்கப் பாட்டில் மூடியைப் பார்த்துவிட்டு மறுநாள் வருகிறேன் என்று திரும்பிப் போனாராம்.

புதன்கிழமை அளத்தல். பெஞ்சின் நீளத்தைச் சாண் போட்டு அளக்க வேண்டும். அவசரத்துக்குப் பன்னிரண்டு சாண். வக்கீலுக்கு ஒன்பது. இன்னொருத்திக்கு இருபது, அவள் நடுவில் கொஞ்சம் தூங்கிவிட்டு அளந்த இடத்தையே மறுபடியும் அளந்திருக்கிறாள். ஒரே பெஞ்சுக்கு எப்படி இத்தனை கணக்கு என்று பெரிய சண்டை. நானாக இருந்தால் உடனே அளவுகோலைக் கொடுத்திருப்பேன். அக்கா கொடுக்கவில்லை. சண்டை போடட்டும் என்று பின்பக்கம் போய் நின்றுகொண்டார்.

அங்கிருந்துதான் அவளைப் பார்த்தார்.

கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஒரு சின்னப் பெண். கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட பச்சை ஸ்வெட்டரில், கட்டி வைத்த மாதிரி இருப்பாள். பிள்ளைகள் பொட்டலம் என்று கூப்பிடுவார்கள். அமைதியான பிள்ளை, தொந்தரவு இல்லாத பிள்ளை. ஐந்து மாதத்தில் அவளைப் பற்றி நான் எழுதி வைத்திருந்தது அவ்வளவுதான். மற்றவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஒவ்வொரு சாணுக்கும் சாக்பீஸால் கோடு போட்டு, அடுத்த சாணைச் சரியாக அந்தக் கோட்டில் வைத்து அளந்துகொண்டிருந்தாள். இடைவெளி விடாமல் அளந்தது வகுப்பிலேயே அவள் ஒருத்திதான்.

இவள் குரலை நாம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே என்று அக்காவுக்குத் தோன்றியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முப்பத்தேழு பிள்ளைகளையும் குரலை வைத்தே அவருக்கு அடையாளம் தெரியும். இவள் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தவள்.

"சரி, எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க" என்று பின்பக்கமிருந்தே சொன்னார். எல்லாரும் போனார்கள். அந்தப் பெண் மட்டும் அளந்துகொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். சுற்றிலும் யாரும் நிற்கவில்லை என்று தெரிந்ததும் சட்டென்று உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாத சிரிப்பு.

பின்னால் என்னிடம் இதைச் சொன்னபோது அக்கா தன் மேஜையையும் சுவரையும் காட்டினார். "அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் டீச்சர். இங்க உட்கார்ந்து கேட்டா சில நேரம் சொல்லோட பாதிதான் வரும். அந்தப் பக்கம் எல்லாரும் சிரிச்சா நானும் இங்க சிரிச்சுக்குவேன். எதுக்குன்னு தெரியாது. அவ வகுப்புக்கு உள்ளேயே உட்கார்ந்துக்கிட்டு அப்படிக் கேட்டுட்டு இருந்தா."

வியாழக்கிழமை ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, மிதப்பது எது, மூழ்குவது எது என்று பார்க்கிற பாடம். இலை, கல், ரப்பர், சாவி எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். அவசரம் தன் செருப்பைப் போட்டு, அது மிதந்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில், "பென்சில் கீழே விழுந்திடுச்சு பாரு" என்றார். சுற்றி இருந்த ஆறு பேர் குனிந்து தேடினார்கள். அவள் குனியவில்லை. இடது பக்கம் நின்று சொன்னார். இல்லை. வலது பக்கம் நின்று சொன்னார். இல்லை. முன்னால் வந்து உட்கார்ந்து, அவள் தன் வாயைப் பார்க்கிற மாதிரி, "பென்சில் விழுந்திடுச்சா?" என்றதும், "என் பென்சில் பையிலதான் இருக்கு" என்றாள். கணீரென்ற குரல்.



அக்கா பெரிய டீச்சரிடம் போய்ச் சொன்னார். அவர் கையிலிருந்த காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அந்த டீச்சர் அஞ்சு மாசமா பார்க்காததை நீங்க நாலு நாள்ல கண்டுபிடிச்சிட்டீங்களாக்கும்" என்றார். பிறகு, தான் பேசியது அதிகப்படி என்று தோன்றியதோ என்னவோ, "சரி, அவ அம்மா வந்தா கேட்டுப் பாருங்க" என்றார்.

அந்தப் பெண்ணின் அம்மா சாயங்காலம் வந்தார். நூல் மில்லில் வேலை. கேட்டுக்கு வெளியே இருந்தே மகளைக் கூப்பிட்ட குரலில் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"காது கேக்கலையா? யாருக்கு? என் பொண்ணுக்கா?" என்று அவர் கேட்டது பெரிய டீச்சர் அறை வரைக்கும் போயிருக்கும். "வீட்டுல நான் ஒண்ணு சொன்னா அவ ஒம்பது சொல்லுவாளே!"

"நீங்க வீட்டுலயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"எப்படி?"

"இந்த அளவுக்குச் சத்தமா."

"மில்லுல மெஷின் ஓடுது டீச்சர். கத்தினாத்தான் பக்கத்துல இருக்கிறவளுக்குக் கேக்கும். பத்து வருஷமா கத்திக் கத்தி, மெல்லப் பேசவே வராது எனக்கு. அவங்க அப்பாவும் அங்கதான்" என்றார். அதையும் சத்தமாகத்தான் சொன்னார். பிறகு மகளின் பின்பக்கம் போய் நின்று, பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில் அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தார். மகள் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. ஸ்வெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றி மறுபடியும் போட்டுவிட்டு, "நாளைக்கே லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அவர் தன்னை டீச்சர் என்று கூப்பிட்டது, அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது.

அன்றைக்கே பெரிய டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். என் அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் காய்ச்சல் இறங்கவில்லை. நான் வர இன்னும் ஒரு வாரம் ஆகலாம். அப்படி ஆனால் நீங்களே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அக்கா, "பார்த்துக்கிறேன்" என்றார். இந்தத் தடவை பாடம் எடுக்கலாமா என்று கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் பழைய காலண்டர் அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு வெட்ட உட்கார்ந்தார். அடுத்த வாரம் கிழமைகள் பாடம். ஏழு கிழமைக்கு ஏழு அட்டை. குழு குழுவாக விளையாட ஆறு கட்டு. திங்கள், செவ்வாய் என்று வண்ணப் பேனாவால் எழுதிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்திருக்கிறார். கணவர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தார்.

"என்ன இது?"

"அடுத்த வாரத்துக்கு. டீச்சர் வர மாட்டாங்க. அவங்க அம்மாவுக்குக் காய்ச்சல் குறையலையாம்" என்றார் அக்கா.

சொன்ன பிறகுதான் தன் குரல் காதில் விழுந்தது. நல்ல சேதி சொல்கிற குரல் அது. கணவர் கை கால் கழுவப் போய்விட்டார். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெட்டாத அட்டைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவின் காய்ச்சல் இறங்கியது. பதினொரு மணிக்குப் பெரிய டீச்சருக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று சொன்னேன். பெரிய டீச்சர் வகுப்பு வாசலுக்குப் போய் அக்காவிடம் அதைச் சொன்னபோது, அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாராம்; மடியில் ஒரு பிள்ளை, முதுகில் சாய்ந்துகொண்டு இரண்டு. "நல்லதாப் போச்சு. அம்மா நல்லா இருக்காங்கல்ல?" என்று இரண்டு தடவை கேட்டாராம்.

கடைசி பீரியடில், இந்த வாரம் என்ன படித்தோம் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார். செருப்பு மிதக்கும் என்றான் ஒருவன். மூடி ஆபீஸுக்குப் போனால்தான் கழித்தல் என்றாள் ஒருத்தி. வக்கீல் எழுந்து, "டீச்சர், திங்கட்கிழமை என்ன பாடம்?" என்றாள்.

டீச்சர் என்றுதான் கேட்டாள். அக்கா, "திங்கட்கிழமை கிழமைகள்" என்றார். பிறகு வெளியே போய் அவரேதான் மணி அடித்தார்.

நான் திங்கட்கிழமை வகுப்புக்குள் போனதும் பிள்ளைகள் முதலில் கேட்ட கேள்வி, "ஆபீஸக்கா வரலையா?" எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. மேஜைமேல் என் நோட்டு இருந்தது. உள்ளே நாலு பக்கம் அக்காவின் கையெழுத்து. யாருக்கு எந்த எழுத்து வரவில்லை, யார் யாரைச் சேர்த்து உட்காரவைக்கக் கூடாது, எல்லாம். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி. "முன்னால் நின்று பேசவும். போர்டைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டாம்" என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு முகம் சுட்டது. ஐந்து மாதம் நான் போர்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசியிருக்கிறேன்.

அவளுக்கு இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. மருந்தில் தீரவில்லை. பரீட்சைக்கு முன்னால் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து சரிப்படுத்தினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் அவளுக்கும் வக்கீலுக்கும் சண்டை தீர்த்துவைப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி அக்கா என்னிடம் சொன்னது கோடை விடுமுறையில். புதுச் சேர்க்கைப் படிவங்களை அடுக்க நானும் போயிருந்தேன். ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர்தான். படிவங்களை வயசுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம வச்சிருக்க முடியல. உங்க அம்மாவுக்குக் காய்ச்சல் குறையலன்னு சொன்னப்போ நான் சந்தோஷப்பட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அட்டை வெட்டியது, பாட்டுப் பாடியது எல்லாவற்றையும் சொன்னார். "ஒரு ராத்திரிக்குத்தான். ஆனா பட்டேன். அப்படி ஒருத்தி எனக்குள்ள இருந்தது எனக்கே தெரியாது" என்றார்.

நான் பரவாயில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா இருந்த ஐசியூ வாசலில் நான் நின்ற அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது. மிச்சப் படிவங்களை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவிடம் சொன்னேன். அவரைப் பற்றிய விஷயம்தானே, அவருக்கும் தெரியட்டும் என்று கோபத்தோடுதான் சொன்னேன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, தழும்புப் பக்கம் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பாவம், எனக்குத் தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு நாள் படுத்திருப்பேனே."

"விளையாடாதம்மா."

"விளையாடல. ஒருத்திக்கு அவ்வளவு ஆசையான வேலையை வச்சுக்கிட்டு நீ தினமும் காலையில எழுந்திருக்க மாட்டேங்கிறே. நான் அஞ்சு தடவை எழுப்பறேன். அவ மேல என்ன கோபம் உனக்கு?"



பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து, ஒரு லீவு லெட்டர் எழுதி ஆபீஸ் ஜன்னல் வழியாக நீட்டினேன். மூன்று நாள். அக்கா வாங்கிப் படித்தார்.

"சொந்த வேலைன்னு போட்டிருக்கு. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க அக்கா. யாருக்கும் ஒண்ணும் இல்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். லெட்டரில் தேதி முத்திரை குத்தினார். முத்திரை சாய்ந்து விழுந்தது.

"என்ன பாடம் வரும்?" என்று கேட்டார்.

"கூட்டல். அப்புறம் பறவைகள். மத்தது உங்க இஷ்டம்."

அந்த மூன்று நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன். முதல் நாள் நிம்மதியாகத் தூங்கி எழுந்தேன். பத்தேகால் ஆனபோது கூட்டல் பாடம் தொடங்கியிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் துணி மடித்தேன். புதிதாக வந்த பிள்ளைகளில் ஒருவன் அழுதுகொண்டே வருவான், அவனைச் சமாதானம் பண்ணும் விதத்தை அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டேன். போன் செய்யலாமா என்று எடுத்தேன், வைத்தேன். மறுபடியும் எடுத்தேன்.

"என்ன, போக ஆசையா இருக்கா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. இன்னும் இரண்டரை நாள் இருந்தது.